நான் கொட்டிய மழை

இப்போதெல்லாம் மழை பெய்கிறதா என்று பார்க்க எவனும் வாசலுக்கு வருவதில்லை. கிடந்த இடத்தில் கிடந்தபடியே போனைப் பார்க்கிறான். வெளியே கூரைப் பீலி உடைந்து கொட்டிக்கொண்டிருக்கும், இவன் உள்ளே இருந்து "இன்னைக்கு மழை வருமாம்" என்பான். பக்கத்துக் காம்பராவில் ஒருவன் செத்துப்போனால் அதையும் போனில்தான் தெரிந்துகொள்கிறான். அழுகிற பொம்மை ஒன்றைத் தட்டி அனுப்பிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். நின்று ஒரு வார்த்தை பேசலாம் என்றால் காதில் வயர். கேட்டால், உலகமே எங்கள் கையில் இருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும். என் கையில் ஒரு போத்தல்தான் இருந்தது. அதைச் சொல்லத்தான் இத்தனை பேச்சு.

நான் அழகமுத்து. எழுபத்து மூன்று வயது. அரநாயக்கவுக்கு இந்தப் பக்கம் மலைச்சரிவில் இருக்கிற ஒரு ரப்பர் தோட்டத்தில் நாற்பத்திரண்டு வருடம் பால் வெட்டியவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதும் என்று அப்பன் மரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எண்ணத் தெரியும். முந்நூறு மரத்தை எண்ணித்தான் வெட்டினேன். எழுதி வைத்ததைப் படிக்கத்தான் வராது. சிங்களம் நன்றாகப் பேசுவேன், அதையும் படிக்க வராது.

போன கார்த்திகையில், நாங்கள் குடியிருந்த மேல் லயத்து வீட்டு வரிசை மீது மலை இறங்கியது. பன்னிரண்டு காம்பராவில் ஆறு போய்விட்டன. மூன்று பேர் செத்தார்கள். அவர்கள் செத்ததற்கு நான் ஒரு காரணம். அப்போது அது எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. பழி விழுந்தது ஜீவராணியின் தலையில். செத்தவர்களில் ஒருத்தி அவளைப் பெற்றவள்.

ஜீவராணிக்கு இருபத்து நான்கு வயது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே தகப்பன் போய்விட்டான். காற்றில் முறிந்த கிளை அவன் தலையில் விழுந்தது. தாய் ஜெயம்மா பால் வெட்டித்தான் அவளைப் படிக்க வைத்தாள். எங்கள் லயத்தில் ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணியவள் அவள் ஒருத்திதான். அதன் பிறகு தோட்டத்து முன்பள்ளியில் டீச்சராக இருந்தாள்.

படிப்பு எதற்கு என்று கேட்கிற ஆள் நான். ஆனால் கண்ணால் பார்த்ததை இல்லையென்று சொல்லமாட்டேன். அவள் படித்து முடித்த பிறகுதான் எங்கள் லயத்தில் ஏழு பேருக்குப் பிறப்புச் சான்றிதழ் வந்தது. அதில் ஒருவனுக்கு அறுபது வயது. ஆஸ்பத்திரியில் கொடுத்த துண்டை அவள் வாசித்து, மாத்திரையை இப்படித் தின்னக் கூடாது என்று சொல்லிப் பழனியாண்டியின் பெண்சாதி பிழைத்தாள். தண்ணீர் ஓடுகிற கான் ஓரம் கிடந்த சிரட்டைகளை எல்லாம் பிள்ளைகளை வைத்துக் கவிழ்த்தாள், அந்த வருடம் டெங்கு எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சிங்களத்தில் ஒரு காகிதம் வந்தால் பன்னிரண்டு காம்பராவும் அவள் வாசலில்தான் நிற்கும். ஜெயம்மா சோற்றுச் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, "கொஞ்சம் இருங்க, புள்ள கை கழுவட்டும்" என்பாள். அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆகவே மண்சரிவு எச்சரிக்கைத் திட்டத்து ஆட்கள் மழைமானி கொண்டு வந்தபோது அவளிடம்தான் கொடுத்தார்கள். மானி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நேராக உயர்ந்த ஒரு பிளாஸ்டிக் போத்தல், பக்கத்தில் மில்லிமீற்றர் கோடுகள், நூறு என்ற இடத்தில் ஒரு சிவப்புக் கோடு. காலை ஆறு மணிக்குக் கொட்டிவிட்டு வைக்க வேண்டும். மறுநாள் காலைக்குள் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டால் லயத்தில் ஒருவர்கூட இருக்கக் கூடாது, எல்லோரும் கீழே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். கூரைப் பீலித் தண்ணீர் படாத இடமாகப் பார்த்து, லயத்தின் கோடியில் ஒரு கம்பம் நட்டு அதில் மாட்டினாள்.

பழனியாண்டி ஒவ்வொரு நாளும் அவளைச் சீண்டுவான்.

"என்னாம்மா, இன்னைக்கு ஒன் போத்தல்ல எவ்வளவு?"

"முப்பது, மாமா."

"எனக்கு ஒரு கால் போத்தல் ஊத்தேன். ஒடம்பு வலியா இருக்கு."

"இது பச்சத் தண்ணி மாமா. ஒங்களுக்குச் சேராது."

லயமே சிரிக்கும். நான் சிரிக்கவில்லை. ரப்பர் தோட்டத்தில் மழையை அளக்கிற சங்கதி எனக்குப் புதிதில்லை. அந்தக் காலத்தில் கந்தோர் என்கிற தோட்டத்து ஆபீஸ் முற்றத்தில் செம்புப் பாத்திரம் ஒன்று இருந்தது. கிளாக்கர் ஐயா காலையில் அதை அளந்து கொப்பியில் எழுதுவார். மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது, பேர் விழாது, அன்றைய கூலி போய்விடும். நாங்கள் பொலித்தீன் கட்டிய மரமாகப் பார்த்து எப்படியோ வெட்டிக்கொண்டு வருவோம். கணக்கப்பிள்ளை கொப்பியைக் காட்டி, "இவ்வளவு மழைக்கு இவ்வளவு பால் எப்பிடிடா வந்தது? தண்ணி கலந்தியா?" என்று அரைப் பேர் போடுவான். எங்களுக்கு நல்லது செய்ய எவனும் மழையை அளந்து நான் பார்த்ததில்லை. இந்தப் பெண் கோயில் மேட்டுக்குப் போய், சிக்னல் பிடித்து, இன்றைக்கு இவ்வளவு என்று யாருக்கோ சொல்கிறாளே, அந்த இலக்கம் கடைசியில் எங்கே போய் நிற்கும்?

அந்த வருடம் இரண்டு தடவை எங்களைக் கிளப்பினாள். இரண்டு தடவையும் பாய், சட்டி, கிழவி, குஞ்சு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். இரண்டு தடவையும் ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வந்தால் மரவள்ளியைப் பன்றி கிளறிப் போட்டிருந்தது. கோழி நாலைக் காணவில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னான்: "இன்னொரு தடவ போனீங்கன்னா அங்கயே இருந்துக்கங்க. தொர லயத்தப் பூட்டிடுவாரு."

மற்றவர்கள் அதை விளையாட்டாக எடுத்தார்கள். என்னால் முடியவில்லை. என் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்த தோட்டத்தில் இதே மாதிரி, மலை சரியப் போகிறது, ஒரு கிழமை, ஏழே நாளைக்கு வாருங்கள் என்றுதான் கூட்டிக்கொண்டு போனார்கள். போனவர்கள் ஆறு வருடம் தகரக் கொட்டிலில் கிடந்தார்கள். பழைய லயத்தை இடித்து அங்கே ரப்பர் கன்று நட்டுவிட்டார்கள். என் தங்கச்சி அந்தக் கொட்டிலில்தான் செத்தாள். எங்கள் காம்பராவுக்கு உறுதிப் பத்திரம் கிடையாது, ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. நாங்கள் உள்ளே இருக்கிறோம் என்பது ஒன்றுதான் எங்கள் உரிமை. வெளியே போய்விட்டால் அதுவும் இல்லை.

மலை இறங்கிய நாளைக்கு முதல் நாள் சாயந்தரமே மழை பிடித்துவிட்டது. பால் வெட்டு இல்லை. எல்லோரும் லயத்தில்தான் இருந்தார்கள். ஜீவராணி காலையில் போத்தலைக் கொட்டி வைத்துவிட்டு முன்பள்ளிக்குப் போனாள். அங்கே கூரை ஒழுகியது, பிள்ளைகளின் சாமான்களை மூட வேண்டியிருந்தது. பத்து மணிக்கு நான் கோடிப் பக்கம் விறகு எடுக்கப் போனேன். போத்தலைப் பார்த்தேன். நான்கு மணி நேரத்தில் தண்ணீர் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. இலக்கம் தெரியாவிட்டாலும் சிவப்பு எது என்று கண்ணுக்குத் தெரியும்தானே? இந்தப் போக்கில் போனால் மத்தியானத்துக்குள் கோட்டைத் தொடும், இவள் மூன்றாவது தடவையாகக் கிளம்பச் சொல்வாள், கணக்கப்பிள்ளை பூட்டோடு வருவான்.

போத்தலைக் கழற்றினேன். கொட்டினேன். திரும்ப மாட்டினேன். இவ்வளவுதான். திருட்டு வேலை செய்கிறோம் என்ற நினைப்பே வரவில்லை. பன்னிரண்டு காம்பராவையும் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு விறகைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

மூன்று மணிக்கு ஜீவராணி நனைந்துகொண்டு வந்தாள். போத்தலுக்குப் பக்கத்தில் குனிந்து, கண்ணை நேராக வைத்து இரண்டு தடவை பார்த்தாள். அவளுக்குச் சந்தேகம் இருந்தது. மேலே மலையைப் பார்த்தாள், மறுபடியும் போத்தலைப் பார்த்தாள். பிறகு லயம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"எம்பத்து நாலு! கோட்டுக்கு இன்னும் வரல்ல. ஆனா யாரும் படுத்துறாதீங்க. முக்கியமான சாமானக் கட்டி வைங்க. நான் கோயில்கிட்ட போயி போன் பண்ணிக் கேட்டுட்டு வாறேன்."

"அந்தச் செருப்பக் கழட்டிட்டுப் போடி, வழுக்கும்," என்று ஜெயம்மா கத்தினாள்.

பழனியாண்டியின் மகன் தினேஷ் வாசலில் நின்று, "கோட்டுக்கு வரல்லன்னா நான் போயி ஒரு தூக்கம் போடுறேன், அக்கா," என்றான். அவன் கல்யாணம் கட்டி ஒன்பது மாதம். உள்ளேயிருந்து அவன் பெண்சாதி சுமித்ரா சிரித்தது எனக்குக் கேட்டது.

ஜீவராணி கோயில் மேட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே மலை வந்துவிட்டது. கல் ஏற்றிய பத்து லொறியை ஒன்றாகக் கவிழ்த்த மாதிரி ஒரு சத்தம். என் காம்பராச் சுவர் ஆடியது, அவ்வளவுதான். வெளியே வந்து பார்த்தால் ஏழாம் காம்பராவிலிருந்து அந்தப் பக்கம் லயம் இல்லை. சேறுதான் இருந்தது. சேற்றுக்குள் முறிந்த ரப்பர் மரங்கள் கிடந்தன. முறிந்த இடங்களிலிருந்தெல்லாம் பால் வடிந்து செம்மண்ணில் வெள்ளை வெள்ளையாக ஓடியது. நாற்பத்திரண்டு வருடம் அந்தப் பாலைத்தான் சுரண்டினேன். ஒரே நேரத்தில் அவ்வளவு பால் ஓடி நான் பார்த்ததில்லை.

முதலில் மண்வெட்டியோடு ஓடி வந்தவர்கள் கீழ்க் கிராமத்துச் சிங்கள ஆட்கள்தான். அவர்கள் தோண்டினார்கள், நாங்கள் தோண்டினோம். தினேஷையும் சுமித்ராவையும் இருட்டுவதற்குள் எடுத்தோம். ஜெயம்மாவை மறுநாள் காலையில்தான் எடுக்க முடிந்தது. அவள் கையில் ஒரு பை இருந்தது. மகள் கட்டி வைக்கச் சொன்ன சாமான். உள்ளே ஜீவராணியின் சான்றிதழ்கள் எல்லாம் பொலித்தீனில் சுற்றி இருந்தன. ஒன்றுகூட நனையவில்லை.

பள்ளிக்கூட மண்டபத்தில்தான் மூன்று பெட்டியையும் வைத்தோம். மகனின் பெட்டியருகே உட்கார்ந்திருந்த பழனியாண்டி திடீரென்று எழுந்து ஜீவராணிக்கு முன்னால் வந்தான்.

"படிச்சவ அளந்த லட்சணம் இதுதானா? ஒண்ணுமில்லாததுக்கு ரெண்டு தடவ எங்கள ஓட வச்ச. மல வார அன்னைக்கு, கோட்டுக்கு வரல்லன்னு சொல்லிட்டு நீ மட்டும் மேட்டுக்குப் போயிட்ட. எம் மகன் ஒன் பேச்சக் கேட்டுத்தானேடி தூங்கப் போனான்?"

அவள் தாயின் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் மூன்றடி தள்ளி நின்றேன். வாய் திறக்கவில்லை. அன்றைக்குத் திறந்திருந்தால் என்னை அங்கேயே புதைத்திருப்பார்கள். அதற்குப் பயந்தேன் என்றும் சொல்ல முடியாது. என் நாக்கு எழும்பவில்லை. அதற்குப் பெயர் என்னவென்று படித்தவர்கள் சொல்லட்டும்.

அதற்குப் பிறகு எங்களைப் பள்ளிக்கூடத்திலேயே வைத்திருந்தார்கள். இரண்டு மாதம். ஜீவராணி முன்பள்ளியை விட்டுவிட்டாள். விட்டாள் என்பதைவிட, பிள்ளைகளை அனுப்ப யாரும் இல்லை என்பதுதான் சரி. வீடும் ஆளும் போனவர்களுக்கு விண்ணப்பத் தாள் வந்தது. முன்பென்றால் அவள் வாசலில் நிற்பார்கள். இப்போது அதைத் தூக்கிக்கொண்டு டவுனில் ஸப்ரி நானாவின் கடைக்குப் போனார்கள். நல்ல மனுஷன், ஆனால் கடையில் வியாபாரத்தைப் பார்ப்பாரா, தாளைப் பார்ப்பாரா? பழனியாண்டியின் தாளில் செத்தவன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பழனியாண்டியின் பெயரை எழுதிவிட்டார். திருப்பி அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூட முகாமில் இரண்டு பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தது. தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்ல ஆள் இல்லை. சொல்லத் தெரிந்தவள் மண்டபத்து மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கட்டுநாயக்கவில் கார்மெண்ட் தையல் வேலைக்குப் போகப் போகிறாள் என்று பேச்சு வந்தது.

போனால் போகட்டும், தூரத்தில் இருந்தால் எனக்கும் நல்லது என்று ஒரு நாள் நினைத்தேன். மறுநாள் அவள் ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் நிறைந்த வாளியைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள். அது வழிந்து ஓடியது. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அன்னைக்குப் பத்து மணிக்கு நான்தான் போத்தலக் கொட்டினேன்," என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். "என்னா பெரியப்பா?"

"காலையில. நீ முன்பள்ளியில இருந்த. நான் கழட்டிக் கொட்டிட்டுத் திரும்ப மாட்டினேன். நீ மூணு மணிக்குப் பாத்தது அதுக்குப் பிறகு பேஞ்ச மழ."

கத்துவாள் என்று நினைத்தேன். வாளியைத் தூக்கி என் மேல் வீசினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன். அவள் கேட்டதோ வேறு.

"எவ்வளவு தண்ணி இருந்தது?"

"இலக்கம் எனக்கு எப்பிடித் தெரியும்?"

"கண்ணால பாத்தீங்கதானே. காட்டுங்க."

நான் சுட்டுவிரலை நீட்டி, நுனியிலிருந்து இரண்டாவது கணுவில் கட்டை விரலை வைத்துக் காட்டினேன். போத்தலைக் கழற்றும்போது, நுனி அடியில் இருக்க, அந்த விரல்தான் அதன் மேல் இருந்தது. தண்ணீர் எந்தக் கணு மட்டத்தில் நின்றது என்று இன்றைக்கும் சொல்வேன்.

அவள் எழுந்து உள்ளே போனாள். அளக்கிற அடிமட்டம் ஒன்றோடு வந்தாள். என் கையைப் பிடித்தாள். ஈரக் கை, ஐஸ் மாதிரி இருந்தது. விரலோடு அடிமட்டத்தை வைத்துப் பார்த்தாள்.

"அம்பத்தஞ்சு," என்றாள். "அம்பத்தஞ்சும் எம்பத்து நாலும் நூத்தி முப்பத்தொம்பது." கொஞ்ச நேரம் உதடு மட்டும் அசைந்தது. "ஒரு மணிக்கெல்லாம் கோட்டத் தாண்டியிருக்கும். மல வந்தது மூணரைக்குப் பிறகு." அப்புறம் சொன்னாள், "ஒரு மணிக்கு அம்மா சோறு தின்னுக்கிட்டு இருந்திருக்கும்."

அவள் என் விரலிலிருந்து அடிமட்டத்தை எடுத்தாள்.

"ரெண்டு மாசமா எங் கண்ணுதான் பெசகாப் பாத்திருச்சின்னு நெனச்சிக்கிட்டு இருக்கேன். எத்தன தடவ குனிஞ்சி குனிஞ்சி பாத்தேன் தெரியுமா? எம்பத்து நாலா, நூத்தி நாலா? எனக்குக் கோடு பாக்கத் தெரியல்லியோன்னு... படிச்சதெல்லாம் பொய்யோன்னு..." அடிமட்டத்தை வாளிக்குள் போட்டுவிட்டாள். "ஏன் கொட்டினீங்க?"

"லயத்தப் பூட்டிடுவாங்கன்னு."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் விவரிக்கப் போவதில்லை.

"மன்னிப்புக் கேக்க வரல்ல," என்றேன்.

"நான் குடுக்கவும் இல்ல. இத என்கிட்ட சொல்லி என்னா பெரியப்பா? அவங்ககிட்ட சொல்லுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள், தோட்டம் முழுக்க வந்திருந்தது. திட்டத்திலிருந்து மஷூர் சேர் வந்திருந்தார். முதலில் போத்தல் கொண்டுவந்து தந்தவரும் அவர்தான். மாவனல்லைக்காரர், இளவயது, நல்ல மாதிரி; இருக்கிது என்பதை ஈக்கிது என்பார். சாவுக்கு வந்தபோது மூன்று பெட்டியையும் தானும் ஒரு பக்கம் தூக்கினார். இப்போது புதுப் போத்தல் ஒன்றை மேசையில் வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு கரும்பலகை.

"கீழ் லயம் ரெண்டும் இன்னும் அந்த மலைக்குக் கீழதான் ஈக்கிது," என்றார். "அங்கயும் ஆள் ஈக்கிறாங்க. மழைய அளக்காம உட ஏலாது. இத யாரு பொறுப்பெடுக்கிறது?"

மூலையில் ஜீவராணி தலை குனிந்திருந்தாள். பின்னால் ஒரு பெண், "யாரு எடுத்தாலும் சரி, அவளுக்கு மட்டும் வேணாம்," என்றாள்.

நான் எழுந்து நின்றேன். சொன்னேன். ஜீவராணியிடம் சொன்னதைவிட ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. கடைசியில், "அந்தப் புள்ள அளந்தது சரி. போத்தல்ல இருந்ததத்தான் அவ சொன்னா," என்றேன்.

பழனியாண்டி எனக்கு முன்னால் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தான். மெதுவாகத் திரும்பினான். நாற்பத்திரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்து மரத்தில் பால் வெட்டியவர்கள் நாங்கள்.

"அழகு... நீயாடா?"

"நான்தான்."

அடிப்பான் என்று கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "அந்தப் புள்ளய நான் என்னென்னமோ சொல்லிட்டேனேடா. பொட்டிக்கு முன்னுக்கு வச்சி," என்றான். மூலைக்குப் போனான். ஜீவராணியின் காலடியில் தரையில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டான். என் பக்கம் அதற்குப் பிறகு திரும்பவே இல்லை.

மஷூர் சேர் தொண்டையைச் சரி செய்துகொண்டார். "ஐயா சொன்னது பெரிய விசயம். இத யாரும் சண்டையாக்க வேணாம். இதுல நம்மட எல்லாருக்கும் பாடம் ஈக்கிது. ஒரு ஆள் மட்டும் படிச்சிருந்தாப் போதாது. அந்தக் கோடு எதுக்குண்டு லயத்துல எல்லாருக்கும் வெளங்கியிருந்தா, ஐயா கொட்டியிருக்க மாட்டாரு. அதனாலதான் பெரியாக்களுக்கு வகுப்பு வைக்கப் போறோம். வாசிக்க, எழுத, அளக்க. எட்டு வருசத்துக்கு முந்தியே அளந்து பாத்து, மேல் லயம் ஈக்கிற எடம் சரியில்லண்டு அறிக்கை குடுத்தீக்கி. ஒங்களுக்கு அத வாசிக்கத் தெரிஞ்சிருந்தா..."

"சேர்," என்றேன். நான் இன்னும் உட்காரவில்லை. "அந்தக் காகிதம் எங்க இருந்தது?"

"தோட்டத்துக் கந்தோருக்கு அனுப்பினது. வேற எடங்களுக்கும் போயீக்கும்."

"எத்தன பேரு வாசிச்சிருப்பாங்க?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத ஆள். "ஒரு பத்துப் பேர்ட கைக்குப் போயீக்கும்."

"பத்துப் பேரும் படிச்சவங்கதானே?"

அவர் மேசையிலிருந்த போத்தலை நகர்த்தி வைத்தார்.

"எட்டு வருசம். படிச்ச பத்துப் பேரு வாசிச்சிட்டுச் சும்மா இருந்தாங்க. நான் படிக்காதவன், ஒரு போத்தலக் கொட்டினேன். அந்த மூணு சாவும் என் தலையில இருக்கு, நான் எறக்கி வைக்கல்ல. ஆனா எனக்கு மட்டும் வகுப்பு வைக்கிறீங்களே, அந்தப் பத்துப் பேருக்கு எங்க வகுப்பு?"

யாரோ ஒருவன் பின்னால், "சரியாக் கேட்டீங்க," என்றான். அந்த ஆதரவு எனக்கு வேண்டியிருக்கவில்லை. மூன்று பேரைக் கொன்றவனுக்கு என்ன ஆதரவு.

அப்போதுதான் ஜீவராணி எழுந்தாள். பழனியாண்டியைத் தாண்டி மேசைக்கு வந்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் குரல் மண்டபத்தில் கேட்டது.

"அதுக்குத்தான் பெரியப்பா இது. பத்துப் பேரு மட்டும் வாசிச்சா மூடி வச்சிடலாம். இந்த மண்டபத்துல இருக்கிற இருநூறு பேரும் வாசிச்சிருந்தா அத எந்தப் பெட்டியில வச்சிப் பூட்டுவாங்க? அம்மாவுக்கு வாசிக்கத் தெரிஞ்சிருந்தா, அம்மாவே கந்தோர் வாசல்ல போயி நின்னிருக்கும்."

"நின்னு? மலை சரியும்னு தெரிஞ்சிட்டு எங்க போறது? நம்மளுக்குப் போக எடம் எங்க இருக்கு?"

"எடம் கேட்டு எழுதலாம்."

"யாருக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் கீழே விடவில்லை. "யாருக்குன்னு தெரிஞ்சிக்கிறதும் படிப்புதான்."

நல்ல பதில்தான். கெட்டிக்காரி. ஜெயம்மா இருந்தால் சோற்றுச் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஆனால் என் தங்கச்சியும் எழுதுவித்தாள். தகரக் கொட்டிலிலிருந்து எத்தனை காகிதம் போனது என்று எனக்குத் தெரியும். எல்லாம் நல்ல எழுத்தில், படித்தவர்கள் எழுதிக் கொடுத்தவை. அவற்றையும் படித்தவர்கள்தான் வாங்கினார்கள்.

"எழுதுங்கம்மா," என்றேன். "நீங்க எழுதுங்க."

"ஒக்காருங்க பெரியப்பா. ஒங்க பேரையும் வகுப்புக்குப் போடுறேன்."

"எம் பேரு வேணாம்."

"நீங்க வராட்டியும் நான் இங்கதான் இருக்கப் போறேன். கட்டுநாயக்கவுக்குப் போகல்ல. அத ஒங்களுக்காகச் சொல்லல்ல, சும்மா தெரிஞ்சிக்கங்க."

தலையை ஆட்டினேன். அதற்கு மேல் அங்கே எனக்கு வேலை இல்லை. வரிசைகளுக்கு நடுவே நடந்தபோது பெண்கள் சேலையை இழுத்து ஒதுக்கிக்கொண்டார்கள். வாசலில் செருப்பைத் தேடினேன். இருந்த கூட்டத்தில் ஒன்றுதான் அகப்பட்டது. மற்றதைத் தேடாமல் அதையும் அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்கினேன்.

உள்ளே மஷூர் சேர் ஒவ்வொரு பெயராகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். பழனியாண்டியின் முறை வந்தது. தன் பெயரைச் சொன்னான். வயதைச் சொன்னான். படிப்பு என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றான். சேரட்டும். அவனுக்கு அந்தத் தாளைத் திருப்பி நிரப்ப வேண்டியிருக்கிறது.

ஜீவராணி கரும்பலகையில் ஏதோ எழுதும் சத்தம் கேட்டது. இருநூறு பேரும் வாசிக்கட்டும். வாசித்து, கந்தோர் வாசலில் போய் நிற்கட்டும். அப்போது கதவு திறந்தால் எனக்குச் சொல்லி அனுப்பட்டும். நான் வந்து என் வாயாலேயே, நான் சொன்னது பிழை என்கிறேன். அது வரைக்கும் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

பாதை ஈரமாக இருந்தது. அந்த மலைக்குக் கீழே இன்னும் ஆட்கள் இருக்கிற கீழ் லயத்துப் பக்கம் நடந்தேன்.